எங்கள் அணியின் ஜெர்சியை ஊரிடம் கேட்டுத் தைத்த கதை

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பகுதிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் பல ஆண்டுகளாக ஒரு சிறிய கால்பந்து அணியை நடத்தி வருகிறோம். அணிக்கென்று பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சட்டையின் நிறத்தை வைத்து எல்லோரும் எங்களை 'அரக்குக்காரங்க' என்றுதான் அழைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மலைக்கோட்டை கண்ணில் படும் பள்ளி மைதானத்தின் சுற்றுச்சுவரில் வந்து உட்காரும் மண்டித் தொழிலாளர்களும், ஓய்வு பெற்ற பெரியவர்களும், பையன்களின் தாய் தந்தையரும், டீக்கடையிலிருந்து பாதி ஆட்டத்தில் எழுந்து வருகிறவர்களும்தான் எங்களுடைய ரசிகர்கள். நுழைவுச் சீட்டு இல்லாத மைதானத்தில் ரசிகர் என்ற சொல் பெரிதாகத் தோன்றலாம். ஆனாலும் பதினைந்து ஆண்டுகளாக ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே அணிக்காகக் குரல் கொடுப்பவரை வேறு எந்தச் சொல்லால் அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டு புதிய ஜெர்சி தைப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டோம். கேட்கும் முறையை நாங்கள் உடனே கற்றுக்கொண்டுவிடவில்லை. அது படிப்படியாகத்தான் பிடிபட்டது. எங்களைப் போன்ற அணிகளை நடத்துகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்த தவற்றிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது ஒரு வியாபாரி முழு செட்டுக்கும் தாமே பணம் தருவதாகச் சொன்னார். தம் கடைப் பலகையின் கரும்பச்சையிலேயே ஜெர்சி இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பழைய செட் கிழிந்துகொண்டிருந்தது, கையில் பணமும் இல்லை. நாங்கள் நால்வரும் ஒரே இரவில் தொலைபேசியிலேயே பேசி முடிவெடுத்துவிட்டோம். பச்சைச் சட்டையில் அணி முதன்முதலாக இறங்கிய அன்று யாரும் சண்டைக்கு வரவில்லை. ஏன் மாற்றினீர்கள் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பந்து எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் நுழையும்போதெல்லாம் சுவரிலிருந்து எழும் 'அரக்கு, அரக்கு' என்ற கூச்சல் அன்று எழவில்லை. பச்சை உடுத்தியிருப்பவர்களைப் பார்த்து எப்படி அரக்கு என்று கத்துவது? சத்தமில்லாமல் கை தட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அந்த மௌனத்தின் பொருளை உணர எங்களுக்கு ஒரு முழுப் பருவம் தேவைப்பட்டது.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி அணிக்கு நேர்ந்ததைப் பின்னர் படித்தபோது எங்கள் மைதானத்துச் சுவரையே பார்ப்பது போலிருந்தது. நூறாண்டுக்கு மேலாக நீலம் உடுத்தி, நீலப்பறவைகள் என்ற பட்டப்பெயரைச் சுமந்த அணி அது. 2012ஆம் ஆண்டு அதன் உரிமையாளர் வின்சென்ட் டான், சொந்த மைதானத்தில் ஆடும்போது அணி உடுத்தும் சட்டையைச் சிவப்பாக மாற்றினார். அந்தச் சிவப்புச் சட்டையிலேயே அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்து, 2013இல் அதற்கு மேலுள்ள உயர்மட்டப் பிரிவான பிரீமியர் லீக்கிற்கும் ஏறியது. ரசிகர்கள் நெடுங்காலம் ஏங்கிய வெற்றி கையில் கிடைத்த பிறகும் நீலம் வேண்டும் என்ற குரல் ஓயவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. வெற்றி பெற்றால் ரசிகர்கள் எதையும் மறந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

எங்கள் அரக்கு நிறத்துக்குப் பின்னால் பெரிய காரணம் எதுவும் கிடையாது. முதல் செட் வாங்க மூத்தவர்கள் பெங்களூருவுக்குப் பேருந்தில் போயிருக்கிறார்கள். மொத்தக் கடையில் தேங்கிக் கிடந்த சரக்கில் அந்த ஒரு நிறத்தில்தான் பதினொரு சட்டைகள் முழுமையாகக் கிடைத்திருக்கின்றன. மலிவாக வந்தது, வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். பெரிய அணிகள் சிலவற்றின் கதையும் இதிலிருந்து அதிகம் மாறுபடுவதில்லை. இத்தாலியின் யுவென்டஸ் முதலில் இளஞ்சிவப்பில்தான் ஆடியது. 1903இல் அது இங்கிலாந்தின் நாட்ஸ் கவுன்டி அணியுடைய கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகளைத் தருவித்து உடுத்தத் தொடங்கியது, அந்தக் கோடுகள்தாம் இன்றும் அதன் அடையாளம். ஆர்சனலின் சிவப்பும் 1886இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கொடுத்துதவிய சட்டைகளோடு வந்ததுதான். நிறம் தற்செயலாக வந்து சேர்ந்திருக்கலாம். அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் இளைஞராயிருந்து முதியவரான பின் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

ஆகவே இந்த முறை கேட்டுவிட்டே செய்வோம் என்று உறுதி கொண்டோம். ஆனால் கேட்ட விதம் முதலில் தவறாகிவிட்டது. ஃபிளெக்ஸ் வடிவமைக்கும் ஒரு தம்பியிடம் மூன்று மாதிரிகளை வரைந்து வாங்கி, வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பிடித்ததற்கு எண்ணை அனுப்புங்கள் என்றோம். இரண்டே நாளில் நிறைய பதில்கள் வந்தன, நாங்களும் மகிழ்ந்தோம். பிறகு டீக்கடையில் இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இருவரும் இரண்டாம் எண் மாதிரிக்கே வாக்களித்திருந்தார்கள். ஒருவருடைய போனில் அது நல்ல அரக்காகவும், மற்றவருடைய போனில் கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்திலும் தெரிந்திருக்கிறது. போதாக்குறைக்கு அரக்கு என்ற சொல்லுக்கே ஆளுக்கொரு நிறம் இருந்தது. பெரியவர்களுக்கு அது பட்டுப்புடவையின் அரக்கு, பையன்களுக்கு மெரூன், ஒரு சிலருக்குக் காப்பிக்கொட்டை. இத்தனை பேரும் எதற்கு வாக்களித்தார்கள் என்று எங்களால் சொல்ல முடியாமல் போனபோது அந்த வாக்கெடுப்பைக் கைவிட்டோம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றும் அதில் இருந்தது. மாதிரிகளை நாங்களே முடிவு செய்துவிட்டு, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றால், தேர்ந்தெடுப்பவர் கையில் மிச்சமிருப்பது மிகச் சிறிய இடம்தான். 2013இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் அணி தன் சின்னத்தை மாற்றி வெளியிட்டபோது, பழைய இலத்தீன் வாசகத்தைக் காணாத ரசிகர்கள் பல்லாயிரக்கணக்கில் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது. ஆனால் சட்டைகளெல்லாம் ஏற்கெனவே தயாரிப்பில் இருந்ததால் அந்தச் சின்னத்தோடே ஒரு பருவம் முழுவதும் ஆட வேண்டியதாயிற்று. பின்னர் ரசிகர்களின் வாக்கெடுப்பு வழியாக அடுத்த சின்னம் தேர்வாகி, 2014–15 பருவத்தில் அந்த வாசகம் திரும்பியது. காலம் கடந்து கேட்டால் கேட்பவருக்கும் செலவு, சொல்பவருக்கும் மனக்கசப்பு.

இரண்டாம் முறை கேள்வியை மாற்றினோம். எது பிடிக்கும் என்று கேட்பதற்குப் பதிலாக, எது மாறவே கூடாது என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டோம். இந்த ஒரு மாற்றம் இவ்வளவு செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிடித்தம் என்றால் ஆளுக்கொன்று சொன்னவர்கள், மாறக்கூடாதது என்றதும் ஏறக்குறைய ஒரே பதிலுக்கு வந்துவிட்டார்கள். அரக்கு இருக்க வேண்டும், கழுத்தில் காலர் இருக்க வேண்டும், எண் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம் என்றார்கள்.

எல்லையை முதலில் வகுத்துவிட்டு உள்ளே முழு உரிமை கொடுப்பது எவ்வளவு நல்ல வழி என்பதற்கு உலகமே அறிந்த சான்று பிரேசிலின் மஞ்சள் சட்டை. 1950 உலகக் கோப்பையில் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் 2–1 என்று தோற்ற நாளில் பிரேசில் உடுத்தியிருந்தது வெள்ளை. அந்த வெள்ளையை நாடு வெறுத்தது. 1953இல் 'கொரெயோ ட மன்யா' என்ற நாளிதழ் புதிய உடைக்குப் பொதுமக்களிடையே போட்டி அறிவித்தது. நாட்டுக் கொடியிலுள்ள பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு நிறங்களும் இடம்பெற வேண்டும் என்பது நிபந்தனை. வென்றவர் அல்டிர் கார்சியா ஷ்லே என்ற பத்தொன்பது வயது இளைஞர். உருகுவே எல்லையோரத்து ஊரில் பிறந்த அவர் உருகுவே அணியின் மீதும் பற்றுக் கொண்டவர் என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. ஒரே உடையில் நான்கு நிறங்களைப் பொருத்துவது கடினம். அவர் மஞ்சளைச் சட்டைக்குக் கொடுத்து, பச்சையைக் கழுத்திலும் கையோரத்திலும் அடக்கி, நீலத்தை ஷார்ட்ஸுக்கும் வெள்ளையைக் காலுறைக்கும் பிரித்துவிட்டார். நிபந்தனை இறுக்கமாக இருந்ததால்தான் அந்தத் தீர்வு பிறந்தது என்று நினைக்கிறேன். நம் பக்கத்திலும் கேரளா பிளாஸ்டர்ஸ் 2020–21 பருவத்தின் மூன்றாவது ஜெர்சிக்கு, கொரோனாக் கால முன்களப் பணியாளர்களைப் போற்றும் வடிவமைப்பு வேண்டும் என்று கருப்பொருளைச் சொல்லி ரசிகர்களிடமே கேட்டு வாங்கியது.

அடுத்து நிறத்தைக் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது. இப்போது ஜெர்சியெல்லாம் பாலியெஸ்டரில் சப்ளிமேஷன் அச்சாகவே வருகிறது. தாளில் அச்சிட்ட மை ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்தில் ஆவியாகி இழைக்குள் போய்ப் படிந்துகொள்ளும். பருத்தியில் அது பிடிக்காது. வெப்பமும் நேரமும் சற்றுப் பிசகினாலும் அடர் நிறங்கள் பழுப்புப் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே சட்டை தைத்துத் தருபவரிடம் கேட்டு, உண்மையான துணியில் அச்சிட்ட கைக்குட்டை அளவுத் துண்டுகளை வரவழைத்தோம். அரக்கில் மூன்று வகை, அவற்றோடு ஒப்பிட வேறு சில நிறங்கள், எங்கள் பழைய கரும்பச்சைச் சட்டையில் வெட்டிய ஒரு துண்டு. இவற்றை மைதானத்துக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். நான்கு மணி வெயிலிலும் ஆறு மணி மங்கலிலும் வந்து பாருங்கள் என்றோம். வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தையும் எழுதாதவர்களெல்லாம் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், கசக்கிப் பார்த்தார்கள், வியர்வையை இழுக்குமா என்று கேட்டார்கள்.

பையன்களின் அம்மாக்கள் துணியைப் பார்க்கவில்லை, ஷார்ட்ஸ் என்ன நிறம் என்றுதான் கேட்டார்கள். வெள்ளையாக எடுக்கலாம் என்று யோசிக்கிறோம் என்றேன். "வெள்ளை எடுக்கறதுன்னா தொவைக்கறதுக்கும் நீங்களே ஆள் வெச்சுக்கங்க தம்பி" என்று ஒரு அக்கா சொன்னார், மற்றவர்கள் தலையசைத்தார்கள். எங்கள் மைதானம் செம்மண். சறுக்கிப் பந்தைத் தட்டும் பையனின் ஷார்ட்ஸில் ஏறும் கறை எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போவதில்லை. கோடையில் தண்ணீர் பிடித்து வைத்துத் துவைக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று நாங்கள் நான்கு ஆண்களும் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஜெர்சியைப் பற்றி நாங்கள் கேட்டவற்றில் முதலில் தீர்ந்த விஷயம் இதுதான். வெள்ளை ஷார்ட்ஸ் இல்லை.

அதே கம்பியின் அருகில்தான் என்னால் மறக்க முடியாத இன்னொன்றும் நடந்தது. மாங்காய் மண்டியில் வேலை பார்க்கும் ஒருவர், எங்கள் ஆட்டங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பவர், துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, அரக்குத் துண்டையும் கரும்பச்சைத் துண்டையும் சேர்த்துப் பிடித்து, இவை இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு முறை தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பக்கத்திலிருந்த பையன்கள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று எண்ணிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் என்னிடம் தனியாக வந்து, இரண்டும் தமக்குக் காய்ந்த புளி நிறமாகத்தான் தெரிகின்றன என்றார். மண்டியில் பழம் பிரிக்கும்போதும் நிறத்தைப் பார்ப்பதில்லையாம், மோந்து பார்த்தும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தும்தான் பிரிப்பாராம். அப்படியானால் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து பச்சைச் சட்டையில் வரும் அணியோடு நாம் ஆடும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நான் சட்டையப் பாத்து ஆட்டம் பாக்கறதில்ல தம்பி, ஓட்டத்தப் பாத்துதான் பாக்கறேன்" என்றார். எங்கள் பையன்கள் ஒவ்வொருவரும் எப்படி ஓடுவார்கள், எப்படித் திரும்புவார்கள் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாக அவர் கூச்சலிட்டிருக்கிறார்.

சிவப்பு–பச்சைப் பிரித்தறிதல் குறைபாடு ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இருக்கிறது. அதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஒரே எக்ஸ் உள்ள ஆண்களிடம் அது மிகுதியாகக் காணப்படுகிறது. பதினோரு பேர் கொண்ட அணியிலேயே ஒருவருக்கு இருக்கக்கூடும் என்பதை அன்றிரவு கணக்கிட்டபோது எனக்கு வேறு எண்ணமே ஓடவில்லை. கால்பந்தின் நான்காவது விதி இரு அணிகளின் நிறங்களும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட வேண்டும் என்கிறது. ஆனால் யாருடைய கண்ணுக்கு வேறுபட வேண்டும் என்பதை அணி நடத்துகிறவர்கள்தாம் யோசிக்க வேண்டும். இந்தக் குறைபாடு இல்லாதவர்களையும் சட்டை நிறம் ஏமாற்றிவிடும். 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனில் சாம்பல் நிறச் சட்டையில் ஆடிய மான்செஸ்டர் யுனைட்டெட், முதல் பாதியில் மூன்று கோல் வாங்கியபின் இடைவேளையில் சட்டையையே மாற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தின் பின்னணியில் சக வீரர்கள் கண்ணில் படவில்லை என்று பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் காரணம் சொன்னார். ஆட்டம் 3–1 என்று தோல்வியில்தான் முடிந்தது. எங்களுக்கும் செம்மண் தரை, மாலைப் புழுதி, அதன் மேல் அரக்கு.

அரக்கு மாறக்கூடாது என்பது ஊரின் முடிவு, அரக்கு மட்டுமே இருந்தால் ஒருவர் கண்ணுக்கு இரு அணிகளும் பிரிந்து தெரியாது என்பது உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் அடுத்த மூன்று வாரங்களும் பேசினோம். நிறம் எதுவானாலும் வெளிர், அடர் என்ற வேறுபாடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆகவே மார்பில் குறுக்காகச் சந்தன நிறத்தில் ஒரு பட்டை போடலாம் என்று பையன்களில் ஒருவன் சொன்னான். வெள்ளையைப் போலக் கறை காட்டாது என்று அம்மாக்களும் அதை ஏற்றார்கள். நான்கு விரல் அகலத்தில் மாதிரிச் சட்டைகள் தைத்து, மூன்று பையன்களுக்கு அவற்றை உடுத்தி, வேறு மூன்று பையன்களுக்குப் பழைய பச்சையை உடுத்தி, மாலை ஐந்தே முக்கால் மணிக்குப் பந்தைக் கொடுத்து ஓடவிட்டோம். மண்டி அண்ணன் சுவரில் தம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கிட்டத்தில் தெரிகிறது, அந்தக் கோல் பக்கம் போனால் தெரியவில்லை, முதுகு திரும்பினால் சுத்தமாகத் தெரியவில்லை என்றார். பட்டை ஒரு சாண் ஆயிற்று, முதுகுக்கும் சுற்றியது. சட்டையின் இரண்டு கைகளும் சந்தன நிறமாயின. படத்தை போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை என்பதை அப்போது கற்றுக்கொண்டோம். கறுப்பு வெள்ளையில் இரண்டு அணிகளும் பிரிந்து தெரிந்தால் யாருக்கும் சிக்கல் இல்லை.

பழைய மூன்று மாதிரிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்த ஆண்டு செலவை ஏற்கும் வியாபாரியிடம் இதையெல்லாம் விளக்கி, நிறத்தைத் தர முடியாது, ஆனால் அந்தச் சந்தனப் பட்டையில் உங்கள் கடைப் பெயர் அரக்கு எழுத்தில் வரும் என்றோம். எழுத்து தூரத்திலிருந்தும் படிக்கும்படி இருந்ததால் அவர் மறுப்பில்லாமல் ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன்னும் இப்படிப் பேசியிருந்தால் முடிந்திருக்கும் என்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

தீராத ஒரு வாதமும் உண்டு. வேலைக்காக ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் போய்விட்ட எங்கள் பழைய வீரர்கள், சுவரில் உட்காராவிட்டாலும் தாங்களும் அரக்குக்காரர்கள்தாம், தங்களுக்கும் வாக்கு வேண்டும் என்றார்கள். வாராவாரம் வந்து உட்காருகிறவர் சொல்லும், தீபாவளிக்கு மட்டும் வருகிறவர் சொல்லும் ஒன்றா என்று சுவரில் கேட்டார்கள். இங்கிலாந்தில் 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம், அணியின் சின்னத்தையோ சொந்த மைதானச் சட்டையின் முதன்மை நிறங்களையோ பெரிய அளவில் மாற்ற வேண்டுமானால் பெரும்பான்மை ரசிகர்களின் ஆதரவை நிர்வாகம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்த ஆதரவை அவர்கள் எண்ணப்போவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ரசிகர்களிடையே. சட்டம் இயற்றுகிறவர்களே எங்காவது ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. நாங்கள் போட்ட கோடு எளிமையானது. நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசலாம், துணியையும் ஷார்ட்ஸையும் பற்றி உடுத்துகிறவர்களும் துவைக்கிறவர்களும் முடிவு செய்ய வேண்டும், கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைச் சுவரில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். இது சரியான கோடு என்றே நான் கருதுகிறேன். வெளியூர்த் தம்பிகள் இன்னும் முழுதாக ஒப்பவில்லை.

சட்டைகள் போன வாரம் வந்து சேர்ந்தன. எதிரணியும் அரக்கில் வந்தால் உடுத்த வேண்டிய மாற்றுச் சட்டை இன்னும் முடிவாகவில்லை. சந்தன நிறத்தில் தைக்கலாம் என்று பையன்களும், அதிலும் கறை தெரியும் என்று அம்மாக்களும் சொல்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கம்பியில் அடுத்த துண்டுகளைத் தொங்கவிடப் போகிறோம். மண்டி அண்ணனை நான்கு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.